டாக்டர் சொன்ன நடை

தைலம்மாளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாகிவிட்டது. ஆனாலும் தினம் சாயங்காலம் ஐந்து மணியானால் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து கிளம்பி, தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடந்துவிட்டுத்தான் திரும்புவாள்.

“நடக்காம இருந்தா மறுபடியும் சுருட்டிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாமா. சோத்த மட்டும் வடிச்சி வெச்சிடுங்க” என்பாள்.

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் தெருமுனைக் கடைக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பாதவன் சிங்காரம். டாக்டர் பேச்சைத் தட்ட முடியாமல் அடுப்படிப் புகையில் இருமிக்கொண்டிருந்தான். அவளோ முகம் தெளிந்து, புடவைக் கரையெல்லாம் மணலோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் டாக்டரிடமே போய்விட்டான்.

“ஐயா, கால் ஆபரேஷன் பண்ணீங்களே, என் சம்சாரம் தைலம்மா, அவ இன்னும் எத்தினி மாசம் நடக்கணும்?”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கிட்டு நடந்தாப் போதும்னு அவுங்ககிட்டச் சொன்னேனே. காலு எப்பவோ சரியாப் போச்சு.”

“அப்ப இத்தினி நாளும் என்னை ஏமாத்தியிருக்கா! இன்னியோட நிறுத்துறேன்.” சிங்காரம் விருட்டென்று எழுந்தான்.

“இருங்க. நீங்க எந்தத் தெரு?”

சொன்னான். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“அந்தத் தெருவுல நான் ஆபரேஷன் பண்ணது உங்க சம்சாரம் ஒருத்திக்குத்தான். ஆனா, ‘பொஞ்சாதிய நடக்கச் சொன்னீங்களாமே, எப்ப நிறுத்தலாம்?’னு அங்கேர்ந்து கேட்டு வந்த ஆம்பளைங்கள்ல நீங்க நாலாவது ஆளு!”