கிணற்றடியில் ஒருத்தி கூடுதல்

“இவளுக்கு மட்டும் ஏன் கையில தண்ணித் தோல்பை இல்ல?”

யாஸ்பெர்தி மூன்றாவது தடவையாக ஐந்து படங்களையும் பார்த்தார். கராகும் பாலையில் ஒரே கிணறு. 1933 முதல் 1937 வரை, வருஷத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் அதிகாரி எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆள் கணக்கு: தண்ணீர் குடிப்போர் 62, 59, 61, 64, 64.

எண்ணினால் படத்தில் எப்போதும் ஒரு ஆள் கூடுதல்.

வலது ஓரத்தில் ஒரு பெண். தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்து வாயை மறைத்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு முழம் இடைவெளி. ஐந்து படங்களிலும் ஒரு கண்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட.

“அது கிணத்து ஜின்னுங்க ஐயா,” என்று சிரித்தான் காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்தான். “பாத்தா கண்ணு அவிஞ்சிடும்னு மிரட்டித்தான் எங்கம்மா எனக்கு ரொட்டி ஊட்டுவா.”

“ஜின்னுக்கு நிழல் விழுமா, தம்பி?”

மெர்தானின் சிரிப்பு நின்றது. பதினொரு வருஷமாக அவன் துடைத்து வைக்கும் படம். நிழல் இருந்தது.

“புருவத்துல வெட்டுத் தழும்பு தெரியுதா? அது என் அம்மா.”

1932இல் யாஸ்பெர்திக்கு நான்கு வயது. அப்பாவுக்கு மந்தை அதிகம், பணக்காரர் என்று சோவியத் அரசு குடும்பத்தையே ரயிலில் ஏற்றி வடக்கே நாடு கடத்தியது. அம்மா மட்டும் தப்பிப் பாலைக்குள் ஓடிவிட்டாள். தாகத்தில் செத்தாள் என்றுதான் ஐம்பத்தாறு வருஷமாக நம்பியிருந்தார்.

“இங்க உயிரோட இருந்திருக்கா. பேய்னு சொல்லித் தள்ளி நிறுத்தியிருக்கீங்க! கூட்டிட்டு வா, இந்தப் படத்துல இருக்கிறவங்க ஒருத்தராவது மிச்சம் இருந்தா.”

ஒருவர்தான் மிச்சம். அன்று கிணற்றில் நீர் இறைக்கும் ஒட்டகத்தை ஓட்டிய ஹொம்மத். வந்து படத்தின் முன் நின்றார். அவர் பார்வை வலது ஓரத்துக்குப் போகவே இல்லை.

“இந்தப் பொம்பளையை என்ன பண்ணினீங்க, பெரியவரே?”

“எந்தப் பொம்பளை?”

“இதோ! கண்ணு தெரியலையா?”

“மூணு மணல்மேடு தாண்டி நிக்கிற ஒட்டகத்தோட காது எனக்குத் தெரியும். அங்க யாரும் இல்ல.”

மெர்தான் படத்தை விட்டு ஓர் அடி விலகினான்.

“நான் அவ மகன்,” என்றார் யாஸ்பெர்தி.

கிழவர் வாசலைப் பார்த்தார். “கூட அதிகாரி யாராவது வந்திருக்காங்களா?”

“அந்தக் காலமெல்லாம் போச்சு, பெரியவரே,” என்றான் மெர்தான்.

ஹொம்மத் மெல்ல வலது ஓரத்துக்குத் திரும்பினார்.

“தண்ணி அதிகாரி கூடாரத்தையெல்லாம் கிளறித் தேடுவான். வெட்டவெளியில எங்க ஒளிக்கிறது? எல்லாரோடயும் நிறுத்தினோம். ‘இவ யாரு, லிஸ்டுல இல்லையே’ன்னான். ‘எவ?’ன்னோம். பேசத் தெரிஞ்ச அத்தனை வாயும் ஒரே மாதிரி. பிள்ளைங்களுக்கு மூணு நாள் சொல்லிப் பழக்கினோம். அவனுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. படம் கழுவிப் பாத்து ஜின்னுன்னே நம்பினவன், அடுத்த வருஷம் அந்தப் பக்கமே தலையைத் திருப்பல.”

“தண்ணி?”

“லிஸ்டுல இருக்கிற ஆளுக்கு ஒரு தோல்பைதான். அவளுக்கு ஏது? முறை வச்சுக்கிட்டோம். தினம் ஒரு வீடு தாகத்தோட படுக்கும்.”

யாஸ்பெர்தி அவர் பக்கம் திரும்பினார். “அப்புறம்?”

“ஜெர்மன்காரனோட போருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போயிட்டா. கிணத்துக்கு மேக்க பதினாலு கல்லறை இருக்கு. அதுல எழுத்து இல்லாத கல்லு அவளோடது.”

“ஏன் எழுதல?” மறுபடி சினம் பொங்கியது அவருக்கு. “செத்த பிறகும் அவ உங்களுக்குப் பேய்தானா?”

“அடிச்சுக் கேட்டா எவன் வாயிலயாவது வந்துடும்னு ஊர்ல ஒருத்தரும் அவ பேரையே கேட்டுக்கல,” என்றார் ஹொம்மத். “நீ சொல்லு, தம்பி.”