தகட்டின் சூடு

மலேசியாவில் ரவாங்கைத் தாண்டி, கரண்டு கம்பி வராத தோட்ட வீடு. மழை விடவேயில்லை, கூரையிலிருக்கும் சோலார் பலகை வெயிலைக் கண்டு நாளாச்சு. அமுதவள்ளி பிரிட்ஜின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி நிற்கிறாள். உள்ளே மகளின் இன்சுலின். பழைய பிரிட்ஜ் லோரி மாதிரி உறுமும். இந்த இன்வெர்ட்டர் பிரிட்ஜ் ஓடினாலும் சத்தம் வராது. ஓடினால் தகடு வெதுவெதுக்கும், அதுதான் அடையாளம். காலையில் மகளின் சட்டையைத் தேய்க்க அமுதவள்ளி இஸ்திரிப்பெட்டியைச் செருகியதில் பேட்டரி வடிந்துபோச்சு.

“ஸ்கூல் சட்டை மடிப்பு நல்லா நின்னுச்சா?” என்கிறான் புருஷன் கன்னையா, மோட்டார் சைக்கிள் சாவியோடு. “டவுன்ல ஐஸ் வாங்கியாறேன். பிரிட்ஜ் கதவ மட்டும் தொறக்காத லா.”

“ரோட்டுல தண்ணி ஏறிருச்சாம்.”

அவன் வாசலிலேயே நின்று மழையைப் பார்க்கிறான். அவள் கையை எடுக்கவில்லை. தகடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அது பிரிட்ஜின் சூடா, தன் கைச்சூடா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.