எல்லா வீட்டிலும் ஓர் அக்கா

தொழிலாளர் துறை ஆய்வாளர் மூன்றாம் மாடி வரை வந்துவிட்டார் என்று காவலாளி வீட்டுக்காரியிடம் போனில் கிசுகிசுத்தபோது, வேலைக்காரம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டை வாங்கிய அன்றே வாசலில் வந்து நின்றவள். எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பது இன்றைக்கும் அவளுக்குத்தான் தெரியும். ஆறு வருடமாகியும் அவளை எங்கும் பதிவு செய்யவில்லை. வரி இல்லை, ஓய்வூதியத்துக்குக் கட்ட வேண்டியதும் இல்லை. வார விடுமுறைகூட வாய்வார்த்தையோடு சரி. பிடிபட்டால் வழக்கு.

ஆனால் வீட்டுக்காரி விவரமானவள். அரசாங்கம் அனுப்பிய துண்டுப் பிரசுரத்தைக் கடைசி வரி வரை படித்திருந்தாள். கூடப் பிறந்தவர்கள் வீட்டு வேலை செய்தால் பதிவு தேவையில்லை.

“நீ என் அக்கா. புரியுதா? போய் சோபாவுல உக்காரு. துடைக்கறதை நான் பாத்துக்கறேன்.”

வேலைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?”

“யோசிக்கறதுக்கு ஏது நேரம்? உடுப்பை மாத்து!”

விருந்துக்கென்று மடித்து வைத்திருந்த உடை வேலைக்காரம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. வீட்டுக்காரியின் தோடும் அப்படித்தான்.

வீட்டுக்காரி அழுக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாப்பை எடுத்தாள்.

தூங்கி எழுந்த குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல வேலைக்காரம்மாவின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

மணி அடித்தது.

ஆய்வாளர் சோபாவைப் பார்த்து வணங்கினார். ஈரத் தரையைத் தாண்டிப் போய் எதிரே உட்கார்ந்தார்.

“இவங்க எத்தனை வருஷமா இங்க வேலை செய்றாங்கம்மா?” என்று வேலைக்காரம்மாவிடம் கேட்டார்.

வீட்டுக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சார், இங்க வேலைக்கு யாருமே இல்ல. இவங்க என் சொந்த அக்கா.”

ஆய்வாளரும் சிரித்தார். அலுத்துப்போன சிரிப்பு. “எல்லா வீட்லயும் இதே அக்காதான். முதலாளியம்மா சொல்லிக் குடுக்கறதை அப்படியே ஒப்பிச்சிடறீங்க. பயப்படாதீங்கம்மா, சட்டம் உங்க பக்கம்.”

“ஐயோ சார், நான்தான் வீட்டுக்காரி!”

அந்தக் கத்தலில் மிரண்டுபோன குழந்தை வேலைக்காரம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“ஆறு வருஷமா இருக்கா சார்,” என்றாள் வேலைக்காரம்மா. “பதியாம விட்டது என் தப்புதான். இப்பவே எழுதிக்கோங்க.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்தாள். ஆய்வாளர் அதிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தார்.

நின்ற இடத்திலிருந்து வீட்டுக்காரிக்கு அந்தப் படம் தெரியவில்லை.

“இந்தப் பதிவுத் தாள்ல கையெழுத்துப் போட்டா இங்கயே முடிஞ்சுது,” என்றார் ஆய்வாளர் வீட்டுக்காரியிடம். “இல்லன்னா பொய் சொன்னதுக்கு ரெண்டு பேரும் விசாரணைக்கு வரணும்.”

உண்மையை நிரூபித்தால் வழக்கு. கையெழுத்துப் போட்டால் இந்த மனுஷன் போய்த் தொலைவான். அவன் தரும் தாளை அப்புறம் கிழித்துப் போட்டுவிடலாம்.

‘பணியாளர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தும் மை கலையவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. காலடிச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்தது.

“கூத்து போதும். தோட்டைக் கழட்டு,” என்றாள் வீட்டுக்காரி. குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

குழந்தை அவளை, வீட்டுக்குப் புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

மறுபடி சோபாவில் உட்கார்ந்துவிட்ட வேலைக்காரம்மா எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. பாவம் பார்க்கிற முகமாகத்தான் இருந்தது.

“பயப்படாத,” என்றாள். “வீடு கைமாறின முதல் நாள் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”