வெள்ளைக்காரரின் ஆட்டம்

"இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி இவ மேல பட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் கம்பாய், டுக் டுக்கில் ஏறும்போதே.

"புத்தாண்டு அன்னிக்கு வியந்தியான்ல நனையாமப் போகணும்னா பறந்துதான் போகணும் பெரியப்பா" என்றான் ஓட்டுகிற பையன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. லாவோஸ் தலைநகரில் புத்தாண்டுக்கு யார் தெருவில் போனாலும் சட்டைக் காலரை இழுத்து முதுகில் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றி வாழ்த்துவார்கள். வேண்டாம் என்று கும்பிட்டால், கூச்சப்படுகிறார் என்று நினைத்து ஒரு வாளியே ஊற்றுவார்கள்.

கம்பாயின் மனைவி செங்தாவுக்கு மார்பில் புற்றுநோய். கதிர்வீச்சு எங்கே பாய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உடம்பின் மேல் மையால் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். கோடு அழிந்தால் மறுபடி படம் எடுத்து, அளந்து, கணக்குப் போட வேண்டும். அதுவரை வைத்தியம் நின்றுவிடும். நேற்று ஒரு டீச்சரம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ரெயின்கோட் போட்டுத்தான் வந்தார், பாவம். காலருக்குள்ளேயே ஊற்றிவிட்டார்கள்.

அதனால் கம்பாய் மனைவியைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, மேலே ரெயின்கோட் மாட்டி, கையில் பெரிய குடையோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"சந்தைக்குப் போற மீன் மாதிரி இருக்கேன்" என்றாள் செங்தாவ்.

"வாயை மூடிட்டு வா. ஹென்ரிக் சார் என்ன சொன்னாரு? தண்ணியே ஆகாதுன்னாரா இல்லியா?"

இந்த வைத்தியத்துக்கு முன்பெல்லாம் மேகாங் ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டுக்குத்தான் போக வேண்டும். முடியாதவர்கள் வீட்டிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். இந்த வருஷம்தான் வெளிநாடுகள் சில சேர்ந்து மிஷின் கொடுத்தன. அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் ஹென்ரிக். சிரிக்காத மனுஷர். கம்பாய் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்த அரிசிச் சாராயத்தைக்கூட, வேலை நேரம் என்று சொல்லித் தொடாதவர்.

ஆஸ்பத்திரித் தெரு திரும்பியதும் கம்பாய் குடையைப் பிடித்துக்கொண்டு தயாரானார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. வாளிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. தெருக்கோடியில் பீர்க் கடை வாசலில் மட்டும் பாட்டு காதைக் கிழித்தது. தெருவே அங்கேதான் திரண்டு நின்றது.

நடுவில் பூப்போட்ட சட்டையில், கழுத்தில் மாலையோடு, தொப்பலாக நனைந்து, கையையும் காலையும் தாறுமாறாக வீசி ஆடிக்கொண்டிருந்தார் ஹென்ரிக்.

கம்பாய் குடையை அந்தப் பக்கம் நீட்டினார்.

"பாத்தியா? நமக்குத்தான் ஊருப்பட்ட உபதேசம். அவர் மட்டும் கூத்தடிக்கலாம். உள்ள இத்தனை பேரு உசிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க."

"அவரும் மனுஷர்தானே" என்றாள் செங்தாவ்.

"ஆட்டம் போடவா அந்த நாடுங்க அனுப்பிச்சுது?"

டுக் டுக் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. செங்தாவ் நேரே கதிர் அறைக்குப் போனாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து மிஷினை ஓட்டுகிற மனிவோன், வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"கோடு அப்படியே இருக்கு பெரியப்பா. இன்னிக்கு வைத்தியம் நல்லபடியா முடிஞ்சிது. பெரியம்மா சட்டை மாத்திட்டு வருவாங்க."

கம்பாய்க்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"உங்க சார் பீர்க் கடை வாசல்ல ஆடிட்டிருக்காரும்மா. கேக்க ஆளில்லையா?"

மனிவோன் அவர் கையைப் பார்த்தாள். "குடை நனையவே இல்லையே பெரியப்பா."

"விரிக்கலை."

"ஏன்?"

"யாரு இருந்தா விரிக்க? தெருவே காலி. எல்லாரும் அந்த ஆளைச் சுத்திக்கிட்டு..."

கம்பாய் பாதியில் நிறுத்தினார்.

"நேத்து டீச்சரம்மா அழுததைப் பாத்துட்டு, நாங்க தெருவுல இறங்கிக் கெஞ்சினோம்" என்றாள் மனிவோன். "சரி சரின்னு சொல்லிட்டு எங்களையே நனைச்சு அனுப்பினாங்க. அப்பதான் சார் கேட்டாரு, இந்த ஊர்ல யாரை நனைக்கணும்னா எல்லாரும் ஓடி வருவாங்கன்னு. ஒரு வெள்ளைக்காரர் கிடைச்சா விட மாட்டாங்க சார்னு விளையாட்டாச் சொன்னேன். காலையிலேருந்து அங்கதான் நிக்கறாரு. ஜலதோஷம் வேற. கடைசி பேஷன்ட் உள்ள வர்ற வரைக்கும் நகர மாட்டேங்கறாரு."

கம்பாய் மெல்ல எழுந்து சுவரில் குடையைச் சாய்த்தார்.

செங்தாவ் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது குடை மட்டும்தான் இருந்தது.

"எங்கே இவரு?"

மனிவோன் ஜன்னலைக் காட்டினாள். தெருக்கோடியில் ஹென்ரிக்குக்குப் பக்கத்தில் கம்பாய், தலையிலிருந்து தண்ணீர் வழிய, விரல்களை மெதுவாக வளைத்து வளைத்து ஊர் ஆட்டத்தை ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து விரலை வளைத்தார். கூட்டம் இன்னும் பெருத்திருந்தது.

செங்தாவுக்குக் கண் கலங்கிச் சிரிப்பு வந்தது.

"மிஷின் ஓட்ட அவரு சொல்லிக்கொடுத்தாரு. ஆடச் சொல்லிக்கொடுக்க இவரு போயிருக்காரு. அடுத்த பேஷன்டை வரச் சொல்லும்மா."