சுவர் பிழைத்தது

"தண்ணி அடிக்காதீங்க சார்! உங்களைக் கும்பிடுறேன், சுவத்துல அடிக்காதீங்க!"

தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள் ரோசலின். தீவுக் கிராமமான வண்டூரே திகைத்துப் போனது. எரிவது அவளுடைய வீடு. கராச்சர்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தவள், அணைக்க வந்தவர்களைத் தடுக்கிறாள்!

"சிமெண்ட்ல கட்டச் சொன்னோம், கேட்டாதானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். வீடு எரியும்போதுதான் சிலருக்கு யோசனை பிறக்கும்.

"அரே, தள்ளும்மா! பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு? வைக்கோல் போட்ட வீடு, மொத்தமும் சாம்பலாயிடும்!" அதிகாரி ராஜமாணிக்கம் கத்தினார்.

"கூரைதான் சார் எரியும். சுவத்துல உள்ள வைக்கோல் எரியாது, களிமண்ணு காத்தை உள்ள விடாது. நானும் அவரும் மிதிச்சுக் குழைச்ச மண்ணு சார். கொதிக்கிற சுவத்துல பச்சைத் தண்ணி வேகமாப் பட்டா விரிசல் விட்டு உக்காந்துரும். வேற வீடு எங்களுக்கு ஏது?"

ராஜமாணிக்கம் தயங்கினார். "உள்ளே யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல சார். அவரு காலையிலயே மெயின்லேண்ட் கப்பலுக்குப் போயிட்டாரு."

அதிகாரி கையசைக்க, குழாய் பக்கத்து வீட்டுக் கூரைகளை நனைக்கத் திரும்பியது. ரோசலின் வீட்டு ஓலை திகுதிகுவென எரிந்து உள்ளே சரிந்தது. அவள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

தீ தணிந்தபோது நான்கு சுவர்களும் கருகிப் போய், ஆனால் அசையாமல் நின்றன. ராஜமாணிக்கம் தொப்பியைக் கழற்றினார்.

"கமால் ஹை, அதிசயம்தான்! என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை. நீ சொன்னதுதாம்மா சரி."

ரோசலின் அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு திரும்பி வர்றதுக்குள்ள ஓலை வேஞ்சிருவேன் சார்."

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து வீட்டு பிரவின் இறங்கி ஓடி வந்தான். சுவரைப் பார்த்தான், அவளுடைய சிரிப்பைப் பார்த்தான், ஒன்றும் புரியவில்லை.

"மதினி, அண்ணன் எங்க?"

"கப்பல்லதான். ஏன்டா?"

பிரவின் உள்ளே சரிந்து கிடந்த கூரையைப் பார்த்தான்.

"கப்பல் கேன்சல் மதினி. அண்ணன் போன் போட்டுச்சு, உங்களுக்கு லைன் கிடைக்கல. மதியம் நான்தான் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டேன்... தலை வலிக்குதுன்னு உள்ள போயிப் படுத்துச்சு."