கோட்டோரம் நிற்காத கோச்

“இன்னும் எத்தனை மேட்ச்தான் மேலயே உக்காந்திருப்பீங்க கோச்? பசங்களுக்கு உங்க முகமே மறந்துபோச்சு!”

அறுபது படிகள் ஏறி வந்த கால்பந்து கிளப் செயலாளருக்கு மூச்சு வாங்கியது. கேலரியின் கடைசி வரிசையில் கோச்சும் அவர் மனைவியும் மட்டுமே இருந்தார்கள். கீழே இடைவேளை. அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

“இங்கிருந்துதான் சார் மொத்த மைதானமும் தெரியும். கீழ நின்னா காலுங்கதான் தெரியும்” என்றார் கோச், முகத்தைத் திருப்பாமல். எத்தனையோ முறை சொல்லி அலுத்த பதில்.

“பயிற்சியையும் உதவியாளர் தலையில கட்டிட்டீங்க. மேட்ச் அன்னிக்கு இங்க வந்து வீட்டம்மாவோட ஓயாத பேச்சு. கமிட்டியில வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. நானும் எவ்வளவு நாள்தான் முட்டுக் கொடுக்கிறது? ரெண்டாவது பாதிக்குக் கோட்டோரம் வந்து நில்லுங்க. இல்லன்னா அடுத்த மேட்சுக்கு வேற ஆள்.”

கோச் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தார். “முட்டி வலி. கீழ வரைக்கும் நீயும் வா.”

அந்த அம்மா அவரைக் கோட்டோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, போனில் பேச உதவும் சிறு கருவியை அவர் காதில் மாட்டினார். மறுபடி அத்தனை படிகளையும் ஏறிப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. காதுக் கருவியை விரலால் அழுத்தியபடி கோச் அசையாமல் நின்றார். பத்தாவது நிமிடத்தில் திடீரென்று கத்தினார்: “இடது பக்கம் காலியா கிடக்கு! ஏழாம் நம்பர், அங்க ஓடு!”

ஏழாம் நம்பர் ஓடினான். கோல். ஆட்டம் சமன்.

கடைசிக் கட்டத்தில், கால் பின்னத் தொடங்கிய நடு ஆட்டக்காரனை வெளியே எடுத்தார். மாற்றாக இறங்கியவன் அடித்த முதல் பந்தே வலைக்குள் போனது.

விசில் ஊதியதும் செயலாளர் ஓடி வந்தார். “பாத்தீங்களா? பக்கத்துல நின்னாத்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது! இனிமே இதுதான் கோச் உங்க இடம்!” என்று கையை நீட்டினார்.

கோச்சும் களைத்த புன்னகையோடு கையை நீட்டினார்.

காதில் மனைவியின் குரல், பேசிப் பேசிக் கம்மிப்போய், மெல்ல ஒலித்தது: “ஏங்க, அந்தப் பக்கம் இல்லங்க... அவர் உங்களுக்கு வலது பக்கம் நிக்கிறார்.”