மூணு தரம்

"எனக்கு டிவி மட்டும் போதும். நெட்டைத் துண்டிச்சிருங்க!" என்று வாடிக்கையாளர் போட்ட கூச்சலில், அவள் ஹெட்செட்டைக் காதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தாள்.

குரல் காதில் விழுந்தவுடனேயே அவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஆனாலும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது, பேசுவதெல்லாம் பதிவாகிறது. "உங்க மனக்குறை புரியுது சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சர்க்கரை தூவினாள்.

அவளுடைய உத்தியோகமே அதுதான். இணைப்பு வேண்டாம் என்று யார் கூப்பிட்டாலும் அந்த அழைப்பு அவளிடம்தான் வரும். போகிறவருக்கு ஏதாவது ஒரு பேக்கேஜைக் காட்டி, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தி வைக்க வேண்டும்.

இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பேர் கைநழுவிப் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் போனால் அவளும் அவர் பின்னாலேயே போய்விடலாம் என்று சூப்பர்வைசர் காலையில்தான் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லார் பேச்சையும் வட்டமிட்டுக் கேட்பதால், அவருக்குக் கழுகு என்று பெயர்.

விதி என்னவோ ஏலக்கடை விதிதான். வாடிக்கையாளர் தன் வாயால் மூணு தரம் 'துண்டிச்சிருங்க' என்றுவிட்டால் அப்பீல் கிடையாது. பொத்தானை அமுக்கியாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஒரு தரம் ஆகியிருந்தது.

கணக்கு எண் கேட்டாள். அவர் பாதி சொல்வதற்குள் முழுசையும் தட்டி முடித்தாள். கோபத்திலும் என்ன வேகம் என்று கழுகே புருவம் தூக்கினார்.

"நெட்டோட சேர்த்து வச்சுக்கிட்டா முந்நூறு சேனல் வருது சார்."

"அதுல இருநூத்தித் தொண்ணூறு எனக்குப் புரியாத பாஷையில வெங்காயம் நறுக்குது. யாருக்கு வேணும்?"

"அப்ப குடும்பப் பேக் பாருங்க சார். சேனல் கம்மி, வேகம் ரெட்டிப்பு. வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல நெட் பார்க்கலாம்."

"எல்லாருமா? நானும் என் வீட்டுக்காரியும்தான். இருக்கிற வேகத்துக்கே அவளைப் பிடிக்க முடியல. காலையில கதவைச் சாத்தினா பொழுது சாயற வரைக்கும் நெட்ல கண்டவன்கூட அரட்டை. நான் ஏதாவது கேட்டா 'ம்', இல்லாட்டி 'உஷ்'. அவ்வளவுதான் நமக்கு!"

அவளுடைய காதுமடல் மிளகாய்ப் பழமானது.

"அவங்க பேசினா உங்களுக்கு ஏன் சார் எரியுது?"

"என்ன மேடம், குரல் ஒசருது?"

"ஒரு நாளாவது ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோய்க் குடுத்திருப்பீங்களா சார் அந்தப் பொம்பளைக்கு?"

'வீட்டுக்கதை வேண்டாம். பேக்கேஜைப் பேசு!' என்று கழுகு திரையில் எழுதினார்.

"தண்ணி குடுக்கிறதும் கொட்டுறதும் என் இஷ்டம். கேட்க நீங்க யாரு? துண்டிச்சிருங்க!"

ரெண்டு தரம்.

'கடைசிப் பேக்கை எடு. விடாதே!' என்று கழுகு மறுபடி எழுதினார். அவள் ஒரு மடக்குத் தண்ணீரோடு கோபத்தையும் சேர்த்து விழுங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரே ஒரு பேக் பாக்கி இருக்கு. நெட் இப்ப இருக்கிற மாதிரியே ஓடும். டிவியில பத்தே பத்து சேனல், அதையும் நீங்களே பொறுக்கிக்கலாம். கட்டணம் பாதிதான்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"பத்தும் நானேவா?"

"நீங்களேதான் சார்."

"விளையாட்டுக்கு ரெண்டு... செய்திக்கு ஒண்ணு... பழைய படத்துக்கு மூணு..." குரல் இறங்கி வந்தது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கழுகு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"சரி, அவளுக்குன்னு ஒண்ணு போடணுமா?"

"அவங்களுக்கு டிவி பார்க்க ஏது சார் நேரம்?"

அதைக் கேட்டதோடு விட்டிருக்கலாம் அவர். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது.

"நேரமில்லையா? எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்துல சும்மா வாயடிக்கிறதுக்கு நேரமில்லைன்னு பேரா? அதுக்கு வேலைன்னு பேரா மேடம்?"

"சும்மாவா?" அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சும்மாவா சார்? ஆம்பளையா இருந்தா மூணாந்தரமும் உங்க வாயாலயே சொல்லுங்க, பார்ப்போம்!"

"என்ன, மிரட்டுறீங்களா? துண்டிச்சிருங்க!"

மூணு தரம்.

கழுகு இரண்டு கைகளையும் ஆட்டி 'வேண்டாம் வேண்டாம்' என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆத்திரக்காரியைப் பற்றிச் சொல்லப் பயந்து விட்டுவிட்டார்கள். அவள் பொத்தானை அமுக்கிய அமுக்கில் மேசையே அதிர்ந்தது.

அடுத்த நொடி காதில் இரைச்சல் நின்றது. கழுகு, வாய் திறந்தது திறந்தபடி அப்படியே உறைந்து, பிறகு திரையிலிருந்தே காணாமல் போனார்.

ஹெட்செட்டில் வராத அந்தக் குரல், இப்போது சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்திலிருந்து வந்தது.

"ஏண்டி, நான் பேசிக்கிட்டிருக்கும்போதே வச்சுட்டியா?"